பல்லுக்கு வழுக்கல், வளையத்துக்குப் பிடிமானம்

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை வண்டி உதிரிபாகக் கடைகள்தான். அங்கே ஆயில் விற்கும் கடை எதில் நுழைந்தாலும் அலமாரியில் இரண்டு கேன்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கலாம். இரண்டிலும் 80டபிள்யூ-90 என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதன் கீழே சின்ன எழுத்தில் ஒன்றில் ஜிஎல்-4 என்றும் மற்றதில் ஜிஎல்-5 என்றும் இருக்கும். காருக்குக் கியர் ஆயில் வாங்க வருகிறவர்களில் பலர் ஐந்தை எடுத்துக்கொள்கிறார்கள். நாலைவிட ஐந்து உசத்தி, நம் வண்டிக்கு நல்லதையே ஊற்றுவோம் என்கிற அக்கறை. ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸுக்கு அந்த அக்கறையே வினையாகிவிடும். ஏன் என்று புரிந்துகொள்ள, கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் என்ன வேலை பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எஞ்சினில் ஆயிலை ஒரு பம்ப் இழுத்து, வேண்டிய இடத்துக்கெல்லாம் அழுத்தி அனுப்புகிறது. மேனுவல் கியர்பாக்ஸில் பெரும்பாலும் பம்ப் கிடையாது. அடியில் தேங்கி நிற்கும் எண்ணெயில் பல்சக்கரங்கள் தோய்ந்து சுழன்று, தாங்களே வாரி இறைத்துக்கொள்கின்றன. எரிபொருள் எரிவதால் வரும் கரி இங்கே இல்லை; அதனால் எண்ணெய் சீக்கிரம் கறுப்பதும் இல்லை. ஆனால் அது தாங்க வேண்டிய அழுத்தம் பயங்கரமானது. இரண்டு பற்கள் ஒன்றையொன்று தொடும் இடம் ஒரு மெல்லிய கோடு. எஞ்சின் தரும் விசை முழுவதும் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் டயருக்குப் போயாக வேண்டும். அங்கே அழுத்தம் ஒரு கிகாபாஸ்கல் வரை ஏறும், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் பத்தாயிரம் மடங்கு.

இந்த அழுத்தத்தில் எண்ணெய் எப்படி நசுங்கி வெளியேறாமல் நிற்கிறது? இது உண்மையாகவே அறிவியலைத் திணறடித்த கேள்வி. சுழலும் தண்டுக்கும் தாங்கிக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் எப்படி உருவாகிறது என்று 1886-லேயே ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அதே கணக்கை 1916-ல் மார்ட்டின் என்பவர் பல்சக்கரத்துக்குப் போட்டுப் பார்த்தார். வந்த விடை விபரீதமாக இருந்தது. படலத்தின் தடிமன், பல்லின் மேற்பரப்பில் இருக்கும் மேடுபள்ளங்களைவிடக் குறைவு! கணக்கை நம்பினால் உலகத்தில் ஒரு பல்சக்கரமும் தேயாமல் ஓட முடியாது. ஆனால் ஓடிக்கொண்டிருந்தன; ஆண்டுக்கணக்கில் ஓடின. இந்த முடிச்சு அவிழ ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. 1940-களில் சோவியத் நாட்டில் எர்ட்டல், குருபின் ஆகியோர் மார்ட்டின் விட்டுவிட்ட இரண்டு விஷயங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்று, அந்த அழுத்தத்தில் எஃகுப் பல்லே கொஞ்சம் தட்டையாகிறது. கோடு ஒரு பட்டையாக விரிகிறது. இன்னொன்று, அழுத்தம் ஏற ஏற எண்ணெயின் பாகுத்தன்மையும் கட்டுக்கடங்காமல் ஏறுகிறது. பற்கள் சந்திக்கும் அந்தக் கணத்தில், ஒரு மில்லிவினாடிகூட முழுதாக இல்லாத நேரத்துக்கு, எண்ணெய் கிட்டத்தட்டத் திடப்பொருளாகவே நடந்துகொள்கிறது. வெளியே வழிய அதற்கு அவகாசம் இல்லை. இங்கிலாந்தின் லீட்ஸில் டௌசனும் ஹிக்கின்சனும் 1959-ல் இதைக் கணினியால் சரிபார்த்துச் சூத்திரமாக்கினார்கள். படலம் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவுதான். ஆனாலும் அது போதும். ஒவ்வொரு கியர்பாக்ஸுக்குள்ளும் வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நடக்கும் இந்த அதிசயம் வெளியே யாருக்கும் தெரிவதில்லை என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

படலம் உருவாக வேகம் வேண்டும். வேகம் குறைந்து சுமை கூடினால் படலம் மெலியும். மேடுகள் முட்டத் தொடங்கும். 1902-ல் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் வரைந்த வளைகோடு இதைத்தான் காட்டுகிறது. மேடும் மேடும் முட்டும் புள்ளியில் வெப்பம் நொடியில் சில நூறு டிகிரிக்குத் தாவும். எஃகு எஃகோடு ஒட்டிப் பிய்த்துக்கொள்ளும். அதைத் தடுக்க எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரசும் கொண்ட சேர்மங்களைக் கலக்கிறார்கள். புதிய கியர் ஆயில் கேனைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அழுகிய முட்டை வாடை இந்தக் கந்தகத்தினுடையது. சூடு ஏறிய புள்ளியில் மட்டும் கந்தகம் இரும்போடு வினைபுரிந்து இரும்பு சல்பைடு என்ற மெல்லிய தோலை உண்டாக்குகிறது. அந்தத் தோல் உரிந்து போகும், உலோகம் தப்பிக்கும், மறுபடியும் தோல் வளரும். உலோகப் பரப்பில் மூலக்கூறு அளவில் நடக்கும் இந்த உராய்வை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயந்திரப் பொறியியல் துறையில் சஞ்சய் பிஸ்வாஸ் பல்லாண்டுகள் ஆராய்ந்தார்.

இவ்வளவு காட்டமான மருந்து முதலில் கியர்பாக்ஸுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. 1920-களின் நடுவில் அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் ஹைப்பாய்டு என்ற பல்சக்கர வகையை உருவாக்கியது. பின்னச்சின் டிஃபரன்ஷியலில் புரொப்பல்லர் ஷாஃப்டை மையத்துக்குக் கீழே இறக்கிப் பொருத்த அது வழிசெய்தது. பாக்கார்ட் கார் அதைப் பயன்படுத்தியது. காரின் தளம் தாழ்ந்தது. ஆனால் ஹைப்பாய்டு பற்கள் உருள்வதோடு நிற்காமல் பல்லின் நீளவாக்கில் கடுமையாக வழுக்கிக்கொண்டும் போகின்றன. சாதாரண எண்ணெய் அங்கே தாக்குப்பிடிக்கவில்லை. கந்தகமும் ஈயச் சோப்பும் கலந்த எண்ணெய்கள் வந்தன. எண்ணெய்த் திமிங்கலத்தின் கொழுப்பைக் கந்தகத்தோடு சேர்த்தும் பயன்படுத்தினார்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கல எண்ணெய்க்குத் தடை விதித்த பிறகு வேதியியலாளர்கள் மாற்றுத் தேடி அலைய நேர்ந்தது. பின்னச்சுக்கு ஊற்றும் எண்ணெயை நம் மெக்கானிக்குகள் ‘கிரௌன் ஆயில்’ என்று சொல்வார்களே, அது இந்த வம்சத்தில் வந்ததுதான்.

ஜிஎல்-5 என்ற தரம் இந்த ஹைப்பாய்டு அச்சுக்கானது. ஒரு எண்ணெய் ஜிஎல்-5 என்று பெயர் வாங்க எழுதும் பரீட்சைகளைப் பார்த்தாலே இது விளங்கும். எல்-37 என்ற சோதனை, குறைந்த வேகத்தில் அதிக முறுக்குவிசை கொடுத்து அச்சின் பற்களைப் பார்க்கிறது. எல்-42 அதிக வேகத்தில் திடீர் அதிர்ச்சிச் சுமை கொடுக்கிறது. எல்-33 ஈரத்தில் துருப்பிடிக்கிறதா என்று பார்க்கிறது. எல்-60 சூட்டில் எண்ணெய் கெட்டியாகிறதா என்று பார்க்கிறது. கியர்பாக்ஸில் கியர் மாறும்போது வேகங்களைச் சமப்படுத்தும் வளையமான சிங்க்ரோ ரிங்கை வைத்து ஒரு கேள்வியும் இந்தத் தாளில் இல்லை. ஜிஎல்-4-ல் இந்தக் கந்தக-பாஸ்பரஸ் சேர்மங்கள் ஜிஎல்-5-ல் இருப்பதில் ஏறக்குறைய பாதி அளவே இருக்கும். ஆகவே நாலும் ஐந்தும் ஒரே ஏணியின் படிகள் அல்ல. அப்படி இருந்திருந்தால் ஜிஎல்-6 எல்லாவற்றுக்கும் மேலே இருந்திருக்க வேண்டும். அப்படி ஒரு தரம் இருந்தது, இப்போது வழக்கொழிந்துவிட்டது.

இனி சிங்க்ரோ ரிங்குக்கு வருவோம். கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டிருக்கும் ஒர்க்‌ஷாப்பில் இதைக் கையில் வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் பித்தளை, உள்ளங்கையில் அடங்கும் வளையம். வெளி விளிம்பில் கூரை மாதிரி முனை சீவிய சிறு பற்கள். உள்பக்கம் லேசாகக் கூம்பு வடிவம். அதில் விரல் நகத்தை ஓட்டினால் நூலிழைபோல நெருக்கமான வரிகள் தட்டுப்படும். கியரைத் தள்ளும்போது இந்த வளையம், சேரப்போகும் பல்சக்கரத்தின் கூம்பின் மேல் அழுந்துகிறது. உள்வரிகள் எண்ணெய்ப் படலத்தை வெட்டி வழித்துவிடுகின்றன. பித்தளை எஃகைப் பற்றுகிறது. உராய்வால் இரண்டின் வேகமும் சமமாகிறது. அதற்குப் பிறகே பற்கள் உள்ளே நுழைய வழி கிடைக்கிறது. நகரும் பஸ்ஸில் ஏறுகிறவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலடி கூடவே ஓடிவிட்டு, பிறகு படியில் கால் வைக்கிறாரே, அதே ஏற்பாடு. 1928-ல் கேடிலாக் காரில் ஏர்ல் தாம்சனின் சிங்க்ரோமெஷ் வரும் முன் இந்த வேகச் சமனை ஓட்டுநர் தன் காலாலும் காதாலும் செய்ய வேண்டியிருந்தது.

இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. பல்லுக்கு வழுக்கல் வேண்டும். வளையத்துக்குப் பிடிமானம் வேண்டும். இரண்டும் குளிப்பது ஒரே எண்ணெயில். ஜிஎல்-5-ன் காரமான சேர்மங்கள் உலோகத்தின் மேல் ஏற்படுத்தும் தோல், வளையத்துக்கும் கூம்புக்கும் இடையே பிடி தளரச் செய்கிறது. வேகம் சமமாவதற்குள் பல் நுழையப் பார்க்கும். ‘கர்ர்’ என்ற அந்தச் சத்தம் அதுதான். வழுக்கிய வளையம் பிடிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அவ்வளவு நேரமும் தேயும். உள்வரிகள் மழுங்கினால் எண்ணெயை வழித்துவிட ஆளில்லை. பிடி இன்னும் தளரும்.

இரண்டாவது கேடு வேதியியல் வழியாக வருகிறது. பித்தளையில் இருப்பது செம்பு. கந்தகத்துக்குச் செம்பு என்றால் கொள்ளை ஆசை. இரண்டும் சேர்ந்து கறுப்பான, உதிரக்கூடிய செம்பு சல்பைடு உண்டாகும். மெருகேற்றிய செப்புத் தகட்டைச் சூடான எண்ணெயில் மூழ்கவைத்து, கியர் ஆயிலுக்கு வழக்கமாக 121 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம், அது எவ்வளவு கறுக்கிறது என்று பார்ப்பது ஒரு பழைய சோதனை. நிறம் அநேகமாக மாறாததற்கு 1, அரித்துக் கறுத்ததற்கு 4. ஜிஎல்-5 எண்ணெய் 3 வரை போகலாம். இதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்: இன்றைய ஜிஎல்-5 எண்ணெய்களில் எளிதில் வினைபுரியாத கந்தகச் சேர்மங்களும் செம்பைக் காக்கும் பொருட்களும் சேர்க்கப்படுகின்றன. தவறான எண்ணெய் ஊற்றிய மறுநாள் வளையம் கரைந்துபோகாது. ஆனால் செம்பைக் காப்பாற்றினாலும் வழுக்கல் பிரச்சினை தீர்வதில்லை. இரண்டு தேவைக்கும் பொருந்தும்படி தயாரித்த எண்ணெய்களும் உண்டு. கார் நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தால் மட்டுமே அவற்றை ஊற்றலாம்.

ஒர்க்‌ஷாப்களில் இந்த விவாதம் தினமும் நடக்கிறது. “அண்ணா, அஞ்சு போட்டா இன்னும் நல்லதுதானே?” என்று கார்க்காரர் கேட்பார். “சார், அது கிரௌனுக்குப் போடுறது. இந்தப் பாக்ஸுக்கு வேணாம். போட்டா செகண்ட் கியர் விழாதுன்னு நாளைக்கு நீங்களே திரும்பி வருவீங்க” என்பார் விவரம் தெரிந்த மெக்கானிக். அந்த ‘செகண்ட் கியர்’ சும்மா வாய்க்கு வந்த உதாரணம் அல்ல. டாம்டாம் நிறுவனம் வெளியிட்ட 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பெங்களூரு நகர மையத்தில் 10 கிலோமீட்டரைக் கடக்கச் சராசரியாக 29 நிமிடம் 10 வினாடி ஆனது; உலகில் லண்டனுக்கு அடுத்த இடம். மணிக்கு இருபது கிலோமீட்டர் என்றால் ஒன்றும் இரண்டுமாகவே மாற்றிக்கொண்டு போக வேண்டும். சில்க் போர்டு சந்திப்பைக் காலையில் கடப்பவருக்கு இது விளக்க வேண்டாத விஷயம். அடுத்தடுத்த கியர்களில் விகித வித்தியாசம் அதிகமாக இருப்பது பொதுவாக ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்தான். வேக வித்தியாசம் இரண்டு மடங்கானால் வளையம் உறிஞ்ச வேண்டிய வெப்பம் நான்கு மடங்காகும். நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் சென்னை போய்வரும் காரைவிட, கோரமங்களாவிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போகும் காரின் சிங்க்ரோ ரிங் எவ்வளவோ அதிகம் உழைக்கிறது. பெங்களூருக்காரர் கியர் ஆயில் வாங்கும்போது முதலில் நினைக்க வேண்டியது பல்லை அல்ல, இந்த வளையத்தைத்தான்.

அடுத்தது எண்ணெயின் தடிமன். 90 என்ற எண்ணைப் பார்த்து, எஞ்சினுக்கு ஊற்றும் 40-ஐவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அளவுகோலே வேறு. 100 டிகிரி செல்சியஸில் கியர் ஆயில் 90-ன் பாகுத்தன்மை 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் வரை. எஞ்சின் ஆயில் 40-க்கு அது 12.5 முதல் 16.3, 50-க்கு 16.3 முதல் 21.9. ஆக 90 கியர் ஆயில் கிட்டத்தட்ட 40, 50 எஞ்சின் ஆயிலின் தடிமன்தான். ஹோண்டா ஒரு காலத்தில் தன் மேனுவல் கியர்பாக்ஸ்களுக்கு எஞ்சின் ஆயிலையே அனுமதித்தது. போர்க்-வார்னரின் டி-5 கியர்பாக்ஸுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் மெல்லிய எண்ணெய். 1959-ல் வந்த மினி காரில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொண்டன. வடிவமைத்தவர் எந்தத் தடிமனைக் கணக்கில் வைத்தாரோ அதுவே சரி. கெட்டியாக ஊற்றினால் பாதுகாப்பு கூடும் என்பது நம்பிக்கை மட்டுமே.

டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரைக் குறிக்கிறது. 75டபிள்யூ எண்ணெய் மைனஸ் 40 டிகிரியிலும் 80டபிள்யூ மைனஸ் 26 டிகிரியிலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இறுகக்கூடாது. பெங்களூருவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1884 ஜனவரியின் 7.8 டிகிரிதான், ஆகவே இந்த எண்ணை மறந்துவிடலாம் என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜனவரிக் காலை 15 டிகிரியில், சாதாரண மினரல் 80டபிள்யூ-90-ன் பாகுத்தன்மை சுமார் 700 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும். சிந்தெடிக் 75டபிள்யூ-90-க்கு அதில் ஏறக்குறைய பாதி. சூடேறிய பிறகு இரண்டும் ஒன்றுதான். ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பிய முதல் சில கிலோமீட்டரில், வளையத்தின் வரிகள் அந்தக் கெட்டிக் குழம்பை வழித்துத் தள்ளப் படாத பாடு படும். குளிர்காலக் காலையில் இரண்டாவது கியர் முரண்டு பிடித்து, பத்து நிமிடத்தில் சரியாகும் வண்டியைச் சந்தேகப்படும் முன் அதிலுள்ள எண்ணெயைக் கேளுங்கள்.

எந்த வண்டி என்பதும் முக்கியம். பெங்களூருவிலிருந்து மைசூரு சாலையில் இருக்கும் பிடதியில், டொயோட்டா கிர்லோஸ்கர் ஆட்டோ பார்ட்ஸ் ஆலை 2004 முதல் மேனுவல் கியர்பாக்ஸ் தயாரித்துப் பல நாடுகளுக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு இந்தியாவில் அறிமுகமான இன்னோவா பின்சக்கரத்தால் இயங்கும் வண்டி. கியர்பாக்ஸ் முன்னே, டிஃபரன்ஷியல் பின்னே. இரண்டும் தனித்தனிப் பெட்டி, தனித்தனி எண்ணெய். பின்னே இருக்கும் அச்சுக்கு ஊற்றுவதை முன்னே ஊற்றிவிடும் ஆபத்து இந்த வகை வண்டிகளில்தான் அதிகம். ஸ்விஃப்ட் மாதிரி முன்சக்கர வண்டிகளில் டிஃபரன்ஷியலும் கியர்பாக்ஸுக்குள்ளேயே அடக்கம். அங்கே எஞ்சின் குறுக்காகப் படுத்திருப்பதால் ஹைப்பாய்டு தேவையில்லை. சாய்வுப் பற்களே போதும். ஆகவே ஒரே எண்ணெய், அதுவும் அளவான காரத்தோடு. கியரைத் தானே மாற்றும் ஏஎம்டி கார்களும் உள்ளுக்குள் இதே கியர்பாக்ஸ்தான். அங்கேயும் சிங்க்ரோ ரிங் உண்டு.

சரியான எண்ணெய் ஊற்றியும் கெட்டுப்போக ஒரு வழி இருக்கிறது. 2022 செப்டம்பர் மழையில் வெளிவட்டச் சாலையும் பெல்லந்தூரும் யெமலூரும் முழுகியபோது, இடுப்பளவு தண்ணீரில் கார்கள் நின்றன. எஞ்சினுக்குள் தண்ணீர் போனதா என்று எல்லோரும் பார்த்தார்கள். கியர்பாக்ஸின் மேலே காற்று போய்வர ஒரு சிறு துளை இருக்கும்; அதைப் பலர் அறிவதில்லை. ஓடிச் சூடான பெட்டி திடீரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். 70 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு இறங்கினால் எட்டில் ஒரு பங்கு குறையும். அந்தக் குறையை நிரப்பத் துளை வெளியிலிருப்பதை உறிஞ்சும். துளை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரையே உறிஞ்சும். கலந்துபோன எண்ணெய் வெண்மையாகக் கலங்கும். பேரிங்குகள் துருவேறும், பல்லைக் காக்க வந்த சேர்மங்களே தண்ணீரோடு சேர்ந்து அமிலமாகும். வெள்ளத்தில் நின்ற வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்குப் பார்க்கக்கூடாது. உடனே வடித்துவிட வேண்டும்.

வடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள் என்பதே என் வேண்டுகோள். பல கியர்பாக்ஸ்களின் வடிகால் போல்ட்டில் காந்தம் இருக்கும். அதன் மேல் சாம்பல் நிறத்தில் குழைவான மை படிந்திருந்தால் அது பற்களின் இயல்பான தேய்மானம், துடைத்துவிட்டுப் போகலாம். கையில் குத்தும் சில்லுகள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடையத் தொடங்கிவிட்டது. பித்தளையைக் காந்தம் பிடிக்காது. அதை எண்ணெயில் தேட வேண்டும். வடித்த எண்ணெயை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தங்கத் துகள்கள் மினுங்கும். கொஞ்சம் மினுங்குவது சகஜம். நிறைய மினுங்கினால் சிங்க்ரோ ரிங் கரைந்துகொண்டிருக்கிறது. பெட்டியைப் பிரித்தால், ரிங்கைக் கூம்பில் அழுத்திப் பிடித்து, ரிங்குக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஃபில்லர் கேஜால் அளப்பார்கள். புதியதில் அது பொதுவாக ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், தேயத் தேயக் குறையும்.

என்ன தரம், என்ன தடிமன், எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்ற நான்கும் வண்டியோடு வந்த மேனுவலில் இருக்கின்றன. சிறிய கார்களுக்கு இரண்டு லிட்டரை ஒட்டித்தான் தேவைப்படும். விலையுயர்ந்த எண்ணெயாகவே இருந்தாலும் ஒரு ரிங் செட் மாற்றும் கூலியோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை. இன்னொன்று, இது மெக்கானிக் பக்கத்தில் நிற்கும்போது நினைவில் இருக்கட்டும். கியர்பாக்ஸில் இரண்டு போல்ட்கள் உண்டு: கீழே வடிப்பதற்கு, பக்கவாட்டில் சற்று மேலே நிரப்புவதற்கு. ஆண்டுக்கணக்கில் தொடாத நிரப்பும் போல்ட் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். அதை முதலில் திறந்து பார்த்த பிறகே வடிகால் போல்ட்டில் ஸ்பேனரை வைக்கச் சொல்லுங்கள். வண்டி சமதரையில் நிற்க, பெரும்பாலான பெட்டிகளில் நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் ஏறி மெல்லிய இழையாக வழியத் தொடங்கினால் அளவு சரி.